சாம்பல் படாத ஒரு கரண்டி

திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று ஐஸ் கிடைக்காது என்று பினாங்கில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வெயில், கொசு, குடிதண்ணீர் என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். என் அக்கா வயிற்றுப்போக்கு மாத்திரைகளை அட்டை அட்டையாகப் பெட்டிக்குள் திணித்தாள். "நான் போவதே பேதியைத் தேடித்தான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். சின்னக் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கொண்டுவரும் ரோட்டா என்ற வைரஸ் ஒன்று இருக்கிறது. அது ஒரே வகை இல்லை. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு வகை சுற்றும். எந்த ஊரில் எது சுற்றுகிறது என்று தெரிந்தால்தான், தடுப்பு மருந்து செய்கிறவர்கள் எதைத் தடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். அதைக் கண்டுபிடிக்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. குழந்தையின் மலத்திலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையில் வைத்து மின்சாரம் செலுத்தினால் பதினோரு கோடுகள் விழும். கோடுகளின் இடைவெளி வகைக்கு வகை மாறும்.

பல ஊர்களிலிருந்து எங்களுக்கு மல மாதிரி டப்பாக்கள் வந்தன. திருவண்ணாமலை டப்பாக்களில் மட்டும் ஒரு கோடுகூட விழவில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. "அந்த ஊரில் ரோட்டா இல்லை என்று எழுதிவிட்டு விட்டுவிடலாம்" என்றார் என் மேலதிகாரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. குழந்தைகள் இருக்கிற ஊரில் ரோட்டா இல்லாமல் போகுமா? நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அப்புறம் எழுதுங்கள் என்றேன். என் வாய்க்குப் பயந்தே அனுப்பிவைத்தார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பேருந்திலேயே கழிந்தது. நின்றுகொண்டு வந்த ஒரு பெண்மணி, உட்கார்ந்திருந்த என் மடியில் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பையை வைத்தார். உள்ளே முழுப் பூசணிக்காய். பினாங்கில் இப்படி வைத்தால் சண்டை வரும். இங்கே அவர் அடுத்த ஊர் வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார், நானும் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். மாதிரிகள் வைக்க நான் கொண்டுவந்திருந்த தெர்மாகோல் பெட்டி நடைபாதையில் இருந்தது. அதை முக்காலி என்று நினைத்து ஒருவர் உட்கார்ந்துவிட்டார். மூடி விரிசல் விட்டது. நான் கத்திவிட்டேன். "இதுல இன்னா இருக்குது?" என்று கேட்டார். காலிப் பெட்டி என்றேன். "காலிப் பொட்டிக்கா இவ்ளோ கத்தறீங்க?" என்றார்.

லாட்ஜில் எல்லோரும் என்னைக் கிரிவலத்துக்கு வந்தவள் என்றே முடிவு கட்டினார்கள். நாளை மறுநாள் பௌர்ணமி. ஹோட்டலில் பழக்கதோஷத்தில் "ஒரு தே" என்று கேட்டேன். "டீயாம்மா? நீங்க சிலோனா?" என்றார் பரிமாறுகிறவர். மலேசியா என்றதும் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு இனிப்பு ஜாஸ்தி வேண்டும் என்று யார் சொன்னார்களோ! ஆனால் அந்தப் பொங்கலும் கொத்சும் இருக்கிறதே, எங்கள் ஊர் ரொட்டி சானாயை ஒரு வாரத்துக்கு மறக்கடித்துவிடும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் கஸ்தூரியைப் பார்த்தேன். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை என்ற கிராமத்தில் பிறந்து அங்கேயே கிராம சுகாதார நர்ஸாக இருப்பவர். எங்களுக்கு டப்பாக்கள் அனுப்பிக்கொண்டிருந்தது அவர்தான். வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, மொபெட்டை ஸ்டாண்டு போட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"வாங்க மேடம். ரெண்டு வருஷமா அனுப்பறேன், ஒரு டப்பா கூட பாஸாவல. எனக்கு ஸ்கூல்ல கூட இப்டி ஃபெயிலானது கெடையாது" என்றார்.

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அன்று முழுக்க மொபெட்டின் பின்சீட்டில் தெர்மாகோல் பெட்டியை அணைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐஸ் போடுகிறாரா, டப்பாவை மூடுகிறாரா, பேர் எழுதி ஒட்டுகிறாரா என்று காலி டப்பாவை வைத்துச் செய்துகாட்டச் சொல்லி, நானும் மாமியார் மாதிரி துருவித் துருவிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று எங்கள் துரதிர்ஷ்டம், எந்த வீட்டிலும் குழந்தைக்குப் பேதி இல்லை. துரதிர்ஷ்டம் என்று எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி அக்காவுக்கு ஒரு பருத்திப் புடவை எடுத்தேன். கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

"இந்த வாட்டியும் ஒண்ணும் வரலைன்னா எங்க ஊரை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துடுவாங்களா மேடம்?" என்று கேட்டார் கஸ்தூரி.

"எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா இங்க புள்ளைங்களுக்குப் பேதி போறது நின்னுடுமாமா?"

புடவைக் கவரைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு மொபெட்டில் ஏறினேன்.

பௌர்ணமியன்று காலையிலேயே கஸ்தூரி லாட்ஜுக்கு வந்துவிட்டார். சுமதி என்ற பெண்ணின் கைக்குழந்தைக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்து வாந்தி, பேதி. அந்த வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மொபெட்டை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லிடறேன் மேடம். போன வருஷம் இதே மாதிரி இவங்க மொத புள்ள பேதியில போய்ச்சேந்துட்டான். அவன் டப்பாவையும் ஒங்களுக்குத்தான் அனுப்பினேன். வைரஸ் இல்லைனு பதில் வந்துச்சு. கிருமி ஒண்ணும் இல்லையாம்னு நானே வந்து சொன்னேன். ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். இவங்க மாமியாரு, கிருமி இல்லைனா அப்ப இவ பாலுதான் புள்ளைய கொன்னுச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. ஊருக்கே தெரியும். இப்ப இந்தப் புள்ளைக்கும் பேதின்னதும் பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

'இல்லை' என்று எங்கள் ஆய்வகம் அனுப்பிய ஒற்றைச் சொல், கடல் தாண்டி வந்து ஒரு தாயின் மீது பழியாக உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்குழாய்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் எங்களுக்கு இது எப்படித் தெரியும்? இன்றைக்கு ஒரு நல்ல மாதிரி எடுக்காமல் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சுமதிக்கு வயது இருபதைச் சுற்றித்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் மண்தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் குழந்தையை உட்காரவைத்திருந்தாள். இங்கே குழந்தைகளை அப்படித்தான் வெளிக்குப் போக வைக்கிறார்கள். நீர் மாதிரி போயிற்று. உடனே மாமியார் குப்பம்மா அடுப்பிலிருந்து கை நிறைய சாம்பலை அள்ளிவந்து அதன் மேல் போட்டார். ஈரம் சாம்பலில் இழுத்துக்கொண்டு கெட்டியானது. கஸ்தூரி பழகிய கையோடு கரண்டியால் அதிலிருந்து எடுத்து டப்பாவில் போடப் போனார்.

"நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கலைந்து ஓடின. குழந்தை அழ ஆரம்பித்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் குப்பம்மா. "பேதி போனா சாம்பல் போட்டுத்தான வாருவாங்க. இல்லைனா ஈ மொய்க்காதா?"

"ஒவ்வொரு வாட்டியும் இப்டித்தானா?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"எல்லா வூட்லயும் இப்டித்தான் மேடம். தண்ணியா போறது மண்ணுல ஊறிட்டா கரண்டியில எப்டி எடுக்கறது? சாம்பல் போட்டாதான் எடுக்க வரும். சுத்தமாவும் இருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வழிகாட்டியில் 'கரண்டியால் எடுத்து டப்பாவில் இடவும்' என்று ஒரு வரிதான் இருக்கும். எதிலிருந்து எடுப்பது என்று எழுதவில்லை. குழந்தைக்கு நாப்பித் துணி கட்டும் ஊர்க்காரர்கள் எழுதியது. டப்பாக்களில் சாம்பல் நிறப் பொடி தெரிந்தபோதெல்லாம் மண் என்று நினைத்துக்கொண்டோம். விறகுச் சாம்பல், சலவைச் சோடா மாதிரி நல்ல காரம். இந்த வைரஸின் மரபுப்பொருளை அது துண்டு துண்டாக்கிவிடும். பிறகு கோடு எங்கிருந்து விழும்?

அவர்களிடம் எளிமையாகச் சொன்னேன். "பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கையே எடுக்கிற சாம்பல், அந்தக் கிருமியை மட்டும் விட்டுவைக்குமா? எங்ககிட்ட வர்றதுக்குள்ள அடையாளமே இல்லாம ஆக்கிடுது."

கஸ்தூரி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷம் மேடம்" என்றார்.

சுமதி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப எங்க பெரியவனுதுலயும் சாம்பல் இருந்துச்சா?"

"நான்தான் போட்டேன்" என்றார் குப்பம்மா.

"அப்படின்னா அவனுக்கு வைரஸ் இல்லைன்னு நாங்க சொன்னது செல்லாது" என்றேன்.

குப்பம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. "செல்லாதுன்னா? இருந்துச்சுங்கிறியா, இல்லைங்கிறியா?"

"தெரியலங்கிறேன்."

"தெரியலன்னா நான் எப்டி பால் குடுக்க வுடுவேன்? ஒரு புள்ளைய வாரிக் குடுத்தாச்சு. தெரிஞ்சப்புறம் வந்து சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் அந்தம்மாள் கேட்டதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அழுகிற குழந்தையைப் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. கஸ்தூரி அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது மெதுவாகத்தான் படிந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்தார், குழந்தை உடனே வாந்தி எடுத்தது. இன்னொரு தடவை வெளிக்குப் போகும், பிடித்துக்கொள்ளலாம் என்று என் மண்டைக்குள் ஒரு குரல் சொன்னது. சீ, என்ன ஜென்மம் நான் என்று அதை அடக்கினேன்.

"மாதிரி கெடக்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அன்று பார்த்து அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குப் போவது என்றால் சாதாரணமா? கிரிவலப் பாதையே ஊருக்குள்தான் போகிறது. மத்தியானமே ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டது. வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். கஸ்தூரி தெரு முனையில் பாபு என்ற ஆட்டோக்காரரைப் பிடித்தார். குப்பம்மாவும் எங்களோடு ஏறிக்கொண்டார். பாபு ஹாரனை நம்பவில்லை. தலையை வெளியே நீட்டி, "கொழந்த! கொழந்த!" என்று கத்திக்கொண்டே உருட்டினார். எங்கள் முன்னால் போன ஆந்திரக் குடும்பம் ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. அதில் ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நகருங்க, நகருங்க, பிள்ளை கிடக்கு" என்று தெலுங்கில் கூவிக்கொண்டு எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் ஓடினார். பினாங்கில் என் பக்கத்து வீட்டார் தெலுங்கர்கள், அதனால் எனக்குப் புரிந்தது. செருப்பில்லாமல் அந்தத் தார் ரோட்டில் எவ்வளவு தூரம் ஓடினாரோ! ஒரு நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

பாதி வழியில் சுமதி, "மேடம், போவப் போவுது" என்றாள்.

கஸ்தூரி என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். அக்காவின் புடவையை உருவி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் கவரைச் சுமதியின் பாதங்களுக்கு நடுவில் விரித்தேன். இந்தப் பக்கம் நான் ஒரு முனை, அந்தப் பக்கம் கஸ்தூரி ஒரு முனை. பாபு திரும்பிப் பார்த்து, "வண்டி நாறிடும்மா!" என்று அலறினார்.

"நாறட்டும், நான் கழுவித் தர்றேன். முன்னாடி பாத்து ஓட்டுய்யா!" என்றேன்.

கவரின் மடிப்பில் நீர் தேங்கியது. மண் இல்லை, சாம்பல் இல்லை. கஸ்தூரி கரண்டியில் எடுத்து டப்பாவில் போட்டு மூடி, பேர் எழுதி ஒட்டினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பணியில் இருந்த டாக்டரம்மா, தாய்ப்பாலை நிறுத்தியது யார் என்று ஒரு சத்தம் போட்டார். குப்பம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுமதி புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு குழந்தையை மார்பில் சேர்த்தாள். அது குடித்தது.

அப்புறம்தான் ஐஸ் ஞாபகம் வந்தது. காலையில் போட்டது எல்லாம் பெட்டியின் விரிசல் மூடியால் தண்ணீராகிவிட்டிருந்தது. பாபுவைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். ஜூஸ் கடை, ரோஸ்மில்க் கடை, மோர்ப் பந்தல், எங்கே கேட்டாலும் கையை விரித்தார்கள். "பௌர்ணமிக்கு ஐஸ் டிமாண்டு ஜாஸ்தி மேடம், வர்றது கம்மி" என்று பாபு விளக்கம் வேறு சொன்னார். திடீரென்று அவரே ஆட்டோவை வளைத்துத் திருப்பினார்.

"மீன் மார்க்கெட்டுக்குப் போலாம். இன்னிக்கு எவன் மீன் வாங்குவான்?"

அப்படியே இருந்தது. சாமி நாளில் ஒரு ஈ காக்கை இல்லை. மீன்கார அம்மாள் ஒருவர் ஐஸ்மலை முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எடுத்துக்கோ தாயி, எப்டியும் உருகித்தான் போவப் போவுது" என்று அவரே உடைத்துப் பெட்டியை நிரப்பினார். மறுநாள் சென்னை போகும் பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. விமான நிலையத்தில் அனுமதிக் காகிதங்களை வாங்கிப் படித்த அதிகாரி, "இதில் மலம்தான் என்று எழுதியிருக்கிறது, மீன் வாடை வருகிறதே" என்று சந்தேகப்பட்டார். விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பினாங்குக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள்ளேயே கஸ்தூரியிடமிருந்து போன். குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டதாம். "ஆனா மேடம், வூட்டுக்கு வந்ததும் மாமியாரு மறுபடியும் நிறுத்திட்டாங்க. டெஸ்ட்டு பதில் வரட்டும்னு சொல்றாங்க. சுமதி கெணத்தடிக்குப் போயி ஒளிஞ்சிக்கினு குடுக்குது. பெத்த புள்ளைக்குத் திருட்டுத்தனமா பால் குடுக்குது மேடம்."

வரிசையில் நின்ற மற்ற ஊர் டப்பாக்களை எல்லாம் ஓரங்கட்டினேன். என் மேலதிகாரி முறைத்தார். முறைக்கட்டும். மரபுப்பொருளைப் பிரித்தேன், ஜெல்லில் ஏற்றினேன், சாயம் போட்டேன். ஒன்றும் விழாவிட்டால் குப்பம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

விழுந்தது. மேலிருந்து கீழே வரிசையாக. எண்ணினேன், பதினொன்று. இடைவெளியைப் பார்த்தால் எங்களிடம் வந்த வேறு எந்த ஊர் மாதிரியோடும் பொருந்தவில்லை. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "இந்த ஊரையா விட்டுவிடலாம் என்று சொன்னோம்?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது.

சுமதி வீட்டுத் தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் உண்டு. கஸ்தூரி எல்லோரையும் அங்கே வரச்சொல்லி வைத்திருந்தார். முதலில் சுமதிதான் எடுத்தாள்.

"கெடச்சிடுச்சும்மா. வைரஸ்தான். கண்ணால பாத்துட்டேன்."

"பாலு இல்லைங்களா?"

"பால்ல ஒண்ணும் இல்ல. பால் நல்லதுதான் பண்ணும்."

"பெரியவனுக்கும் இதுதானுங்களா?"

"அது இனிமே யாருக்கும் தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவனை ஒன் பால் கொல்லல."

மூக்கை உறிஞ்சினாள். "இருங்க மேடம், எங்க மாமியார்கிட்ட தர்றேன். நீங்களே சொல்லுங்க. அவங்களுக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும். ஆனாலும் சத்தமா சொல்லுங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். ஆய்வகத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "வைரஸ்தான் குப்பம்மா! சுமதி பால்ல ஒரு குத்தமும் இல்ல! இனிமே அந்தப் பொண்ணு கெணத்தடியில ஒளிஞ்சிக்கிட்டுக் குடுக்கக் கூடாது!"

"அவ அங்க குடுக்கறது எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் குப்பம்மா. "அவ போறப்பல்லாம் நான்தான் வாசல்ல நின்னுக்கினு, யாரும் அந்தப் பக்கம் போவாம பாத்துக்கினேன். குடுன்னு சொல்லவும் பயம், குடுக்காதன்னு இழுத்துப் புடிக்கவும் மனசு வரல."

ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"இன்னிலேர்ந்து நடுவூட்ல ஒக்காந்து குடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.